கிற்றார்ப் பலகை நெளிந்த மாரி

நண்பர்களே, கோபத்தில்தான் எழுதுகிறேன். பாடசாலை ஆண்டு விழா மலருக்கு அப்பாவைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். சேரைப் பற்றி நீங்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவது என்று வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு கும்பிடும் போட்டீர்கள். உங்கள் எல்லோருக்கும் அவர் மரவேலை படிப்பித்த சேர். உளியை எப்படிப் பிடிப்பது, சீவுளியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று கைபிடித்துக் காட்டியவர். சீவல் சுருளைக் காதில் கடுக்கன் மாதிரி மாட்டிக்கொண்டு வகுப்பைச் சிரிக்க வைத்தவர். அதெல்லாம் உண்மைதான். அவர் செய்த கிற்றாரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மண்டபத்தில் நிறுத்தப் போகிறீர்கள் என்பதும் தெரியும். அந்தக் கிற்றாரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நாலு வரியில் அடங்காது.

நமக்கு வயது போய்விட்டது. குழுவில் பாதிப் பேர் காலையில் போடுவது வணக்கம், மீதிப் பேர் போடுவது சீனி வருத்தத்துக்கு வைத்தியம். இனியும் யாருக்காகப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும்? அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மாவும் இல்லை. அக்கா இருக்கிறாள். அவள் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு அமிர்தகழியில் வாவிக்கரையோடு ஒட்டினாற்போல இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாமாங்கத் திருவிழாவுக்கு வந்தவர்களில் எங்கள் வீட்டுக் கிணற்றில் கால் கழுவாதவர்கள் குறைவு. நீங்கள் பார்த்தது வெயில் காலத்து வீடு. மாரிக்கு அது வேறு வீடு. வாவித் தண்ணீர் வேலிக்கு அருகில் வந்து நிற்கும். உப்புச் சட்டியில் உப்பு கரைந்து கிடக்கும். நெருப்புப் பெட்டியை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டு திரிவா, இல்லாவிட்டால் குச்சி பற்றாது. சீமெந்து நிலம் வியர்க்கும். வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் அச்சு விழும். அந்த வியர்க்கிற நிலத்தை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

அக்கா அப்போது எட்டாம் வகுப்பு, நான் ஐந்தாம் வகுப்பு. நம்முடைய மியூசிக் டீச்சரை நினைவிருக்கிறதா? பறங்கி டீச்சர். புளியந்தீவிலிருந்து சைக்கிளில் கவுன் பறக்க வருவா. அவவிடம் ஒரு பழைய கிற்றார் இருந்தது. இடைவேளைகளில் நாமெல்லாம் கிளித்தட்டு விளையாட, அக்கா மட்டும் அந்த அறையில் இருந்து பழகினாள். இடதுகை விரல் நுனிகளில் தோல் காய்த்துப் போயிருந்தது. படுக்கப் போகும்போது என் கன்னத்தில் அந்த விரலை வைத்துத் தேய்ப்பாள். "தொட்டுப் பாருகா, கல்லு மாதிரிக் கிடக்கு" என்பாள். எனக்கு அது பிடிக்காது. அவளுக்கு அதில் அவ்வளவு பெருமை.

அந்த வருடம் டீச்சர் வீட்டார் ஆஸ்திரேலியாவுக்குப் போவதென்று முடிவாகியது. கலைவிழா முடியும் மட்டும் டீச்சர் நிற்பா, ஆனால் சாமான்கள் முன்னாலேயே கப்பலில் போய்விடும், கிற்றாரும் அதோடு போய்விடும். டீச்சர் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னா, "கலைவிழாவில நீ தனியா வாசிக்கோணும் பிள்ள. ஆனா உன்ட கிற்றாரில வாசி. நான் முன்வரிசையில இருந்து கேட்டிட்டுத்தான் பிளேன் ஏறுவன்." அக்கா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அழுதாள். மட்டக்களப்பில் அந்த நாளில் கிற்றார் வாங்க எங்கே போவது?

அப்பா மேசை செய்தவர், அலுமாரி செய்தவர், கதவு நிலை செய்தவர். கிற்றார் செய்ததில்லை. ஆனாலும் அக்கா அழுததைப் பார்த்துவிட்டு, "நான் செய்து தாறன்" என்றார். டீச்சரின் கிற்றாரைச் சில நாளைக்கு வாங்கிவந்து மண்ணிறத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு கீறினார். ஓட்டமாவடி மரக்காலைக்குப் போய், முகத்துக்கு மலைவேம்பும், முதுகுக்கும் இடுப்புக்கும் பலாவும் தெரிந்து எடுத்து வந்தார். பின்பக்கக் கொட்டிலில் இரும்புக் குழாயைச் சூடாக்கி, நனைத்த பலாப் பலகையை அதில் அழுத்தி அழுத்தி வளைத்தார். பலா சூடேறும்போது வருகிற மணம் பழுத்த பழத்தின் மணத்தோடு கொஞ்சம் சேர்த்தி. அதன் மேலே வச்சிரம் காய்ச்சுகிற நாற்றம். மாட்டுத்தோலில் காய்ச்சும் அந்தப் பசையை அம்மா வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டா.

அந்த நாட்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் எனக்கும் அப்பாவைப் பற்றி நாலு நல்ல வரி எழுத வரும். மலைவேம்பு முகப்பலகையைச் சீவிச் சீவி மெல்லிசாக்குவார். இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, மற்றக் கையால் தட்டுவார். அக்கா காதைக் கிட்டக் கொண்டுபோவாள். "இன்னும் செத்த சத்தம் கிடக்கு அப்பா, இந்தப் பக்கம் கொஞ்சம் சீவுங்கோ" என்பாள். அவர் சீவுவார். மறுபடி தட்டுவார். பெரிய மனிசர் ஒருவர் சொல்வதைக் கேட்கிற மாதிரி அவள் சொல்வதைக் கேட்டார். கடைசியில் ஒருநாள் தட்டியபோது அந்தப் பலகை வாய் திறந்து பேசினது போல ஒரு சத்தம் வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முகப்பலகையை ஒட்டுவதற்கு முன் நன்றாக ஆற விட வேண்டும் என்றார். சின்ன அறையில் அலுமாரிக்கு மேலே, ஜன்னலுக்கு நேரே, இடையிடையே குச்சிகள் வைத்து அதன் மேல் பலகையைப் படுக்க வைத்தார். ஏன் குச்சி என்று உங்களைக் கேட்டால் இப்போதும் சொல்வீர்கள். வெட்டின பிறகும் மரம் தண்ணீர் குடிக்கும். ஒரு பக்கம் குடித்து மற்றப் பக்கம் காய்ந்தால் நெளியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் காற்றுப் பட வேண்டும். சேர் கரும்பலகையில் படம் கீறிச் சொன்ன பாடம். பலகை நெளிவதற்கான காரணங்களை எழுதுக என்று ஒவ்வொரு தவணையும் கேள்வி வரும். எழுதாமல் ஒருவரும் தேறவில்லை.

அடை மழை பிடித்திருந்த ஒரு காலையில் அக்கா பெரிய பிள்ளையானாள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து மாமி வந்திறங்கினா. அப்பாவின் மூத்த சகோதரி. குடையை மடக்குவதற்கு முன்னமே வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டா. அக்காவைச் சின்ன அறையில்தான் வைப்பது என்றா. அப்படியென்றால் அலுமாரியை வெளியே எடுக்க வேண்டும், அதற்குள் கோயிலுக்கு உடுக்கிற சேலைகள் இருந்தன, துடக்குத் தீட்டு அதில் படக்கூடாது. அலுமாரியை நாலு பேர் தூக்கி விறாந்தைக்குக் கொண்டுபோனார்கள். தூக்குவதற்கு முன் மேலே கிடந்த பலகையை இறக்கி மூலையில் நிலத்தில் போட்டார்கள். குச்சிகளை யார் கவனித்தார்கள்? அக்காவை உள்ளே கூட்டிப்போனார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள், இடுக்குகளில் சாக்குத் துண்டு அடைத்தார்கள். பலகை மூலையிலேயே கிடந்தது. அக்கா உள்ளே போன நேரத்திலிருந்து அந்த அறையில் இருந்த எல்லாம் துடக்கு. வெளியே எடுக்க முடியாது.

நான் சாப்பாட்டுக் கோப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு வருவேன். உள்ளே இருட்டு. ஒரு சட்டியில் தணல், அதில் சாம்பிராணி. கொடியில் காயாத துணி. தண்ணீர் வாளி. உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் தின்று அக்காவுக்குக் குமட்டியது. ஆனால் அவள் என்னிடம் சொன்னது அதையல்ல.

"அப்பாட்டச் சொல்லு, பலகை நிலத்தில கிடக்கு. ஓரம் கிளம்புது."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா கொட்டிலில் இடுப்புப் பலகைக்கு வச்சிரம் தடவிக்கொண்டிருந்தார். தூரிகையை வைத்துவிட்டு எழும்பி வந்தார். விறாந்தை வரைக்கும் வந்தார். அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றார். ஆம்பிளைகள் அப்போது பிள்ளையின் முகத்தில் முழிக்கக் கூடாது.

"மாமியிட்டக் கேளு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

மாமியிடம் கேட்டேன். "துடக்குக் கழியுமட்டும் அந்த அறையில இருந்து ஒரு துரும்பும் வெளிய வராது" என்றா.

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "வெளிய எடுக்க வேணாம் மாமி. நான் தூக்கி ஜன்னல் கட்டுல நிமித்தி வைக்கட்டா? நிலம் ஈரம்."

"தொட்டுப் போடாத" என்று மாமி கத்தினா. "அது வாத்தியச் சாமான். சரஸ்வதி இரிக்கிற சாமான். இந்தக் கையோட தொட்டியெண்டா உனக்கும் கூடாது, உன்ட தகப்பனுக்கும் கூடாது."

தகப்பனுக்குக் கூடாது என்றதும் அக்கா அடங்கிவிட்டாள். அப்பாவுக்கு ஏதும் வந்துவிடும் என்று பயந்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் சாப்பாடு கொண்டுபோன நேரமெல்லாம் அவள் அந்த மூலையைப் பார்த்தபடிதான் இருந்தாள். கீழே வியர்க்கிற சீமெந்து, மேலே தணல் சூடு. பலகையின் இரண்டு ஓரமும் தோணி மாதிரி மெல்ல மெல்ல எழும்பியது. ஒருநாள் அவள் பலகைக்கு மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கைக்கும் பலகைக்கும் இடையில் ஒரு விரல் அளவு இடைவெளி. தொடவில்லை.

தொட்டிருந்தால் அந்தப் பலகை பிழைத்திருக்கும். இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

தண்ணீர் வார்த்து, துடக்குக் கழித்து, கதவைத் திறந்தார்கள். அப்பா முதலில் போனது பலகையிடம். கொட்டிலுக்குக் கொண்டுவந்து, வேலை செய்யும் நீள வாங்கில் வைத்தார். அது இங்குமங்கும் ஆடியது. விரலால் தட்டினார். டப் என்று ஒரு சத்தம், வேறொன்றுமில்லை. மாமி கொட்டில் வாசலில் வந்து நின்றா. அம்மாவும் நின்றா. அக்கா புதுச் சேலையில், மஞ்சள் மணக்க, அவர்களுக்குப் பின்னால் நின்றாள்.

"தொட்டிருக்காள்" என்றா மாமி.

"தொடல்ல" என்றாள் அக்கா.

"தொடாட்டி நேராக் கிடந்த பலகை என்னத்துக்கு வளையுது? துடக்குப் பட்டா வெத்திலைக் கொடியே வாடும். இது மரந்தானே."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் இப்போது சொல்வார் என்று நான் நினைத்தேன். பத்து வயதில் எனக்கே அந்தப் பாடம் தெரியும், வகுப்பு வாசலில் நின்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். நிலம் ஈரம், மேலே தணல் வைத்தது நீங்கள், அவ்வளவுதான், என்று மாமியிடம் ஒரு வசனம் போதும். அப்பா பெருவிரலால் பலகையின் வளைவைத் தடவிப் பார்த்தார். பிறகு, "பாப்பம்" என்றார்.

பாப்பம். இந்த ஒரு சொல்லோடு அவர் சீவுளியைக் கையில் எடுத்துவிட்டார்.

அக்காவின் சாமத்திய வீட்டுச் சடங்குக்கு வந்த சனமெல்லாம் கதையை வாயில் போட்டுக்கொண்டு போனது. பலகாரத் தட்டோடு பலகைக் கதையும் வீடு வீடாகப் போயிற்று. கிற்றார்ப் பலகையை வளைத்த பிள்ளை என்று அக்காவுக்குப் பெயர் விழுந்தது. வகுப்புக்குப் போனபோது பக்கத்தில் இருந்த பிள்ளை தன் புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்ததாம். அக்கா இதை எனக்குச் சொன்னது பல வருடங்களுக்குப் பிறகு. அந்தப் பிள்ளையும் நம் குழுவில்தான் இருக்கிறா, காலையில் பூப்படம் போடுகிறா.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கொட்டிலில் அதே மலைவேம்பில் வெட்டி எறிந்த ஒரு துண்டு கிடந்தது. முழ நீளம், மெல்லிசு, நேராக இருந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய்ச் சாமியறையில், படங்களுக்குக் கீழே நிலத்தில் வைத்தேன். அக்கா அந்தப் பக்கம் போவதில்லை. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரம் அதை ஒருமுறை பார்ப்பேன். சாமியறைச் சீமெந்தும் மற்ற அறைச் சீமெந்து மாதிரித்தான் வியர்த்தது. கொஞ்ச நாளில் துண்டு வளைந்தது. அக்காவின் பலகை வளைந்த அதே பக்கம், அதே மாதிரி.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மாமி ஊருக்குப் போகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தா. நான் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து எல்லோருக்கும் நடுவில் வைத்தேன். "இது சாமியறையில கிடந்தது. இதை ஆர் தொட்டது?" என்று கேட்டேன்.

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தா.

"நீதானே தமக்கைக்குச் சோறு கொண்டு குடுத்த. அந்தக் கையோட சாமியறைக்குள்ள போயிரிக்காய்."

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தா. உடனே மஞ்சள் தண்ணீர் கரைத்துச் சாமியறையைக் கழுவத் தொடங்கினா. ஏற்கெனவே ஈரமான நிலத்தில் இன்னும் ஒரு வாளித் தண்ணீர். நான் அழவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து அந்தத் துண்டை அதில் வைத்தேன். அவர் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தச்சு வேலைக்காரர் பலகையின் நேர் பார்ப்பது அப்படித்தான். அவருக்கு விளங்கியது. விளங்கியதை நான் அவர் முகத்தில் கண்டேன்.

"போ புள்ள, போய்ப் படி" என்றார். கொட்டிலுக்குப் போய், அந்தத் துண்டை முறித்து வச்சிரச் சட்டிக்குக் கீழே நெருப்பில் வைத்தார்.

தை பிறந்து வெயில் எறிக்கத் தொடங்கியதும் பலகையைச் சரிக்கட்டினார். அதிலெல்லாம் அவர் கெட்டிக்காரர். குழிந்த பக்கம் ஈரத் துணியை ஒத்தி, மற்றப் பக்கத்தை இளஞ்சூட்டில் காட்டி, குச்சிகள் வைத்து மேலே கல் ஏற்றி, நாள் கணக்கில் பொறுத்திருந்து நிமிர்த்தினார். முழுக்க நிமிரவில்லை. இன்றைக்கும் அந்தக் கிற்றாரின் முகத்தில் நரம்பு தாங்குகிற பாலத்துக்குக் கீழே கையை வைத்தால் ஒரு மெல்லிய பள்ளம் தெரியும். பிறகு ஒட்டினார், நரம்பு பூட்டினார், பொலிஷ் பூசினார். அக்கா கொட்டில் வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போகவில்லை.

"அப்பா, என்ட கிற்றார்?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள்.

"மறுகா பாப்பம் புள்ள. ஊரெல்லாம் கதைக்குது. இப்ப பள்ளிக்கூடத்தில கிடக்கட்டும்."

குமர்ப் பிள்ளை மேடையில் ஏறிக் கிற்றார் அடிக்கிறதா என்று மாமி ஏற்கெனவே ஆள்விட்டுச் சொல்லியிருந்தா. அப்பா அந்தக் கிற்றாரைப் பாடசாலைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அதிபர் மாலை போட்டார். கலைவிழாவில் மேல்வகுப்புப் பெடியன் ஒருவன் அதை வாசித்தான். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் இருந்த டீச்சர் திரும்பித் திரும்பி அக்காவைப் பார்த்தா. அக்கா அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளுடைய இடதுகை விரல்கள் பாவாடைக்கு மேலே அழுத்தி அழுத்தி இடம் மாறிக்கொண்டிருந்தன. அந்தப் பெடியன் பிழை விட்ட இடங்களில் அவள் விரல்கள் பிழை விடவில்லை என்று நான் அடித்துச் சொல்வேன். டீச்சர் பிளேன் ஏறிப் போய்விட்டா. சில கிழமைகளில் அக்காவின் விரல் நுனித் தோல் உரியத் தொடங்கியது. படுக்கையில் இருந்தபடி உரித்து உரித்துப் பாய்க்கு வெளியே போடுவாள். மறுபடி அந்த விரலை அவள் என் கன்னத்தில் வைக்கவேயில்லை.

நானும் பெரிய பிள்ளையாகிற காலம் வரப்போகிறது என்று வீட்டில் பேச்சு வந்த வருடம், அப்பா ஒருநாள் சின்ன அறைக்குள் போய் அங்கே கிடந்த மரத்தையெல்லாம் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிலில் வைத்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நிலத்து ஈரத்துக்குப் பயந்தாரா, எனக்குப் பயந்தாரா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை அவருக்கும் உள்ளுக்குள் அந்த நம்பிக்கை கொஞ்சம் இருந்திருக்கும், பாவம், அந்தக் காலத்து மனிசர்தானே, என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இத்தனை வருடம் அந்தச் சமாதானத்தை வைத்துத்தான் அப்பாவுக்குத் திவசம் கொடுத்தேன்.

அதற்குத்தான் போன மாதம் நம்முடைய தலைவர் கொள்ளி வைத்தார். விழாக் குழுத் தலைவரைச் சொல்கிறேன். நல்ல மனிசர், மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. குழுவில் ஒரு குரல் பதிவு போட்டிருந்தார். நீங்கள் எல்லோரும் அதற்கு இதயப் படம் போட்டிருந்தீர்கள். நான் திரும்பத் திரும்பக் கேட்டதில் எனக்கு அது பாடமாகிவிட்டது.

"சேர்ட பாடத்தை மறக்கேலுமா? அந்த மாரிக்கு ஒருநாள் நெளிஞ்ச பலகை ஒண்டைக் கொண்டுவந்து மேசையில வெச்சார். பாருங்கடா, இது கிற்றாருக்கு வெச்சிருந்த பலகை, ஈர நிலத்தில கிடந்தது, ஜன்னலும் சாத்தி, மேலால நெருப்புச் சட்டியும் வெச்சா மரம் என்னடா செய்யும், ஆரும் ஒண்டும் செய்ய வேணாம், தானா நெளியும் எண்டு அப்பிடி விளங்கப்படுத்தினார். அண்டைக்கு விளங்கினது எனக்கு இண்டைக்கும் மறக்கல்ல."

ஆரும் ஒன்றும் செய்ய வேண்டாம், தானாக நெளியும். இதைச் சொல்லியிருக்கிறார். அந்த மாரியிலேயே சொல்லியிருக்கிறார். ஒரு வகுப்பு நிறையப் பெடியன்களுக்கு, மேசையில் வைத்து, விரலால் காட்டி. பின்னேரம் வீட்டுக்கு வந்து, தொட்டவள் என்று பெயர் வாங்கிய மகள் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. அடித்ததில்லை, குடித்ததில்லை, எங்களைப் படிக்க வைத்தவர். மாமியின் வாய்க்குப் பயந்தார். ஊர் வாய்க்குப் பயந்தார். பயந்த மனிசர் வகுப்பிலும் பேசாமல் இருந்திருக்கலாமே! அங்கே பேசத் தெரிந்தது அவருக்கு.

பதிவைக் கேட்டதும் அக்காவுக்குப் போன் எடுத்தேன். சொன்னேன்.

"வகுப்பில சொன்னவரா?" என்றாள்.

"ஓம்."

"எல்லாப் பெடியனுகளும் இருந்தாங்களாமா?"

"முழு வகுப்பும்."

"சரி, வை. சோறு அடிப்பிடிக்குது" என்றாள்.

அதற்குப் பிறகுதான், பெட்டியைப் பார்க்க வாருங்கள் என்று தலைவர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். வெள்ளைச் சேலை உடுத்து, ஆட்டோ பிடித்து எனக்கு முன்னால் வந்து நின்றாள். யுத்தப் பிரச்சினைக் காலத்தில் கூரை போன பாடசாலை, கதவு போன பாடசாலை, அதற்குள் இந்தக் கிற்றார் மட்டும் எப்படியோ தப்பி நிற்கிறது. கண்ணாடிப் பெட்டி பளபளவென்று இருந்தது. நாலு பக்கமும் இறுக்கி ஒட்டி, பூட்டும் போட்டிருந்தார்கள். கிற்றார் பெட்டிக்கு வெளியே மேசையில் கிடந்தது. அக்கா கிட்டப் போனாள். இடதுகையை நீட்டினாள்.

"தொடாதீங்க அக்கா" என்றார் தலைவர். "பொலிஷ் புதுசு. இன்னும் காயல்ல."

அக்கா கையை இழுத்துக்கொண்டாள். உடனே இழுத்துக்கொண்டாள், நெருப்பில் பட்ட மாதிரி. பிறகு பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒட்டின மூலைகளைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள்.

"இதுக்குள்ள வெச்சுப் பூட்டாதீங்க தம்பி. காத்துப் போக வழியில்ல. நெளியும்" என்றாள்.

"பாத்தீங்களா, சேர்ட மகள் எண்டாச் சும்மாவா" என்று தலைவர் சிரித்தார். சுற்றி நின்ற நீங்களும் சிரித்தீர்கள். அக்காவும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தாள். இந்தப் பாடத்தை அவள் எந்த வகுப்பில் படித்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது தெரிந்துகொள்ளுங்கள். இதை மலரில் போடுவதும் போடாமல் விடுவதும் உங்கள் இஷ்டம். அப்பாவின் படத்தை மண்டபத்தில் மாட்டுங்கள், மாலை போடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அந்தப் பெட்டியில் வேறு ஏதாவது வையுங்கள், அவருடைய சீவுளி என்னிடம் இருக்கிறது, தருகிறேன். பொலிஷ் காய்ந்ததும் நான் ஆட்டோவில் வந்து கிற்றாரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவேன். பூட்டைத் திறந்து வையுங்கள். அவள் அதை ஒருமுறையாவது தொட வேண்டும்.